கதிருக்கு அடியில் குதிரை

திரும்பி வந்த சரக்கு அறுநூறு ஜோடி.
வாங்கியவன் கடையை மூடிவிட்டானாம்.
செருப்பின் உள்தட்டில் அவன் பெயர்
பொன் எழுத்தில் அழுந்திக் கிடந்தது.
அதன் மேலேயே இன்னொருவன் பெயரை
அடித்துவிடச் சொன்னார்கள்.

தோலை உரித்து மாற்ற நேரமில்லை.
சனிக்கிழமை சென்னையில் கப்பல்.
நூற்றுப் பத்து டிகிரி சூடு,
நாலு எண்ணும்வரை நெம்புகோல்,
எடு, அடுத்தது.
ஆம்பூரில் பதினோரு வருடமாக
என் வலது கைக்கு
இந்த ஒரு வாக்கியம்தான் பேச வரும்.

புதுப் பெயர் நன்றாகவே விழுந்தது.
பழைய பெயரின் கடைசி எழுத்துக்கு மட்டும் நீளமான வால்.
அது புதியவன் காலடியில்
எலி மாதிரி எட்டிப் பார்த்தது.
தில்ஷாத் துப்பட்டா முனையால் தேய்த்துப் பார்த்துவிட்டு
"போவாதுக்கா" என்றாள்.

செவ்வாயன்று இத்தாலிக்காரர் சோதனைக்கு வந்தார்,
ஒரு கண்ணில் லென்ஸோடு.
முதல் ஜோடியிலேயே வாலைப் பிடித்துவிட்டார்.
சூப்பர்வைசர் புருஷோத்தமன் முகத்தில் ரத்தமில்லை.
அவர் திட்டவில்லை.
பர்ஸைத் திறந்தார்.
மகள் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளிக்காசை எடுத்து
என் மேசையில், பசை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது.
ஆனால் கனம்.
அவர் ஊர்ப்பக்கம் கிரேக்கர்கள் குடியேறி,
இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முன் அடித்தது.
காசு நிறைய ஒரு கதிர்.
நெல் என்றேன். பார்லி என்றார்.
பார்லி எனக்கு,
இரண்டாவது பிரசவத்தில் கால் வீங்கியபோது
மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த கஞ்சி.
அதை வெள்ளியில் அடிக்கவும் ஓர் ஊர் இருந்திருக்கிறது.

லென்ஸை என்னிடம் நீட்டினார்.
மணிகளுக்கு இடையில் இறகு.
கதிரின் முள் என்று நினைத்திருந்தேன்,
அது சிறகின் நரம்பு.
மெல்லத் திருப்பத் திருப்ப
ஒரு வயிறு, மடங்கிய முன்னங்கால்.
பறக்கிற குதிரை.
கடல் தாண்டி வந்த வேறு ஊர்க் காசு.
யாரும் உருக்கவில்லை.
சூடாக்கி, தங்கள் அச்சை வைத்து, ஓங்கி ஓர் அடி.
சண்டைச் செலவோ, கூலி பாக்கியோ,
என்ன அவசரமென்று அவருக்கும் தெரியாது.
"அங்கியும் சனிக்கெழம கப்பல் இருந்திருக்கும்" என்றேன்.
தில்ஷாத்துக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

உருக்கியிருந்தால் குதிரை போயிருக்கும்.
அடித்ததால் தங்கிவிட்டது.

இன்னொன்றும் பார்த்தேன்.
கதிர் நிமிர்ந்தால் குதிரை மல்லாந்து கிடக்கிறது.
குதிரையை நிறுத்தினால் கதிர் கவிழ்கிறது.
அடித்தவனின் கையைப் பார்க்கவேண்டும் போலிருந்தது.
கட்டைவிரல் மடிப்பில், என்னுடையதைப் போல,
உடைந்து காய்ந்த கொப்புளம் இருக்குமா?

காசு மகள் படத்துக்குப் பின்னால் போய்விட்டது.
சரக்கை இரண்டாம் தரம் என்று எழுதி
விலையில் பாதியை வெட்டினார்.

ஷிப்ட் முடிந்து பள்ளிகொண்டா பேருந்து.
உட்கார இடமில்லை.

என் இடது முன்கையில் ஒரு மயில் உண்டு.
எட்டு வருடத்துக்கு முன் மயானக்கொள்ளைக் கூட்டத்தில்,
பாலாற்று மணலில் மெஷினோடு உட்கார்ந்திருந்த பையனிடம்
அங்கிருந்த பெயரை அழிக்கச் சொன்னேன்.
"அழிக்க வராதுக்கா, மேல வேற போட்ரலாம்."
தோகை முழுக்கக் கண் வைத்தான்.
தருமன் மொத்தமாக மூழ்கிப்போனார்,
கடைசி எழுத்தின் புள்ளியைத் தவிர.
இப்போது என்னோடு இருக்கிற மனிதர்
அதையும் ஒரு கண் என்றே எண்ணி
பதினேழு என்பார்.
நான் திருத்தியதில்லை.

கை தொங்கினால் மயில் நிற்கும்.
மேலே கம்பியைப் பிடித்தேன், தலைகீழானது.
மாதனூர் தாண்டி ஒரு பள்ளத்தில் பேருந்து எகிறியது.
விழாமலிருக்க இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.
புள்ளி
தன் எழுத்துக்கு மேலே
சரியாக வந்து நின்றது.