ஆடு தொடுமா

பிப்ரவரி.
கிஷன்கட் பக்கத்து வாசல் வழியாக
சஞ்சய் வனத்துக்குள் நுழைந்தால் முதலில் சீமைக்கருவேலம்.
அதை எந்த ஊரிலும் அடையாளம் தெரியும் எனக்கு,
கடன்காரனைத் தெரிவதுபோல.
அதன் காலடியில், இடுப்பளவு உயரத்தில்
இந்தப் புதர்.

அவசரப்படக் கூடாது.
இலை எதிரெதிர். சரி.
கிள்ளினால் பால் இல்லை. முள் இல்லை.
விளிம்பில் பல் இல்லை.
கணுவில் லேசான வீக்கம், விரலுக்குத்தான் தெரிகிறது.
கசக்கினால்,
டம்ளரில் மூன்று நாள் மறந்துபோன தேயிலைச் சக்கையின் வாடை.

பூ வெள்ளை. இரண்டு உதடு.
மேலுதடு கூரையாக வளைந்திருக்கிறது.
கீழுதட்டில் ஊதாக் கீறல்கள்,
எழுதுகிறதா என்று யாரோ பேனாவை இழுத்துப் பார்த்ததுபோல.
கேசரம் எண்ணினேன். இரண்டு.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன்.
இரண்டேதான்.

ஆடாதோடை!
சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.
ஒரு மயில் மட்டும்.
முனீர்காவில் எட்டு வருடம்,
கத்தரிக்காய்க்குக்கூட இந்தியில்தான் வாய் வருகிறது.
இது மட்டும் பழைய லத்தீனிலும்
இதே பெயரோடு நிற்கிறது,
கொஞ்சம் நாக்குத் தடித்து.

ஆடு தொடாது, அதனால் அந்தப் பெயர் என்பார்கள்.
சரிபார்க்க வசதியாக ஆடுகளும் வந்தன.
பதினொன்று.
பின்னால் ஓம்வதி, காதில் போன்,
மகளின் கணக்குப் பரீட்சை பற்றி யாரோடோ சண்டை.
ஆடுகள் இலந்தையைத் தின்றன.
களாவின் நுனியைத் தின்றன.
யாரோ எறிந்த சிப்ஸ் உறையை உள்ளே வரை நக்கின.
புதர் வந்ததும்
பாறையைக் கண்ட தண்ணீராக இரண்டாய்ப் பிரிந்து போயின.
எனக்குள் ஒரு பேராசிரியர் தலையாட்டினார்.

அப்போது ஒரு கறுப்புக் குட்டி, ஒரு காது மட்டும் வெள்ளை,
முன்னங்கால்களைக் கிளையில் ஊன்றி எம்பி
ஓர் இலையைப் பறித்தது.
மென்றது.
மென்றுகொண்டே என்னைப் பார்த்தது.

"பான்ஸா" என்றாள் ஓம்வதி, போனை இறக்காமல்.
"இருமலுக்கா?"
இல்லை, பெயருக்கு என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை, எனக்கும் விளக்கத் தெரியவில்லை.
"அந்தக் குட்டி எதையும் தின்னும்.
நேற்று என் துப்பட்டாவை."

நோட்டில் எழுதியிருந்தேன்:
இலை எதிரெதிர், கேசரம் இரண்டு, ஆடு தொடாது.
பகலெல்லாம் பிழை திருத்தும் கை,
தானாகவே
'தொடாது'க்கு முன்னால் ஒரு சின்னக் கூரை போட்டு
'பெரும்பாலும்' என்று செருகியது.

மந்தை போன பிறகு பார்த்தேன்,
பாதி இலை தரையில் கிடந்தது, எச்சில் ஈரத்தோடு.
துப்பியதா
தவறி விழுந்ததா,
அதை எந்தப் பத்தியில் எழுதுவது?