பழைய தொண்டை

கேப்ஸ்யூல் விழுங்க முடியாதவர்களை எனக்குத் தெரியும்.
டோங்காட் மெயின் ரோட்டில் பத்தொன்பது வருடமாக
மருந்துக்கடை நடத்துகிறேன்.
வீரியம் அட்டையில் அச்சாகியிருக்கும்;
உள்ளே இறங்குமா என்பது
தொண்டைக்குத்தான் தெரியும்.

என் பிஸ்டலும் அந்த ரகம்.
அறுபத்தேழில் பெல்ஜியத்தில் செய்தது,
என்னைவிட ஒரு வயது மூத்தது.
உரிமத்துக்காகப் பதினோரு மாதம் அலைந்தேன்.
அதன் காலத்துத் தோட்டாவுக்கெல்லாம் உருண்டை மூக்கு.
இப்போது விற்பவை வாய் பிளந்திருக்கின்றன.
உடம்புக்குள் போய், மலர்ந்து,
அங்கேயே நின்றுவிடுமாம்.
மலர்ந்து என்றுதான் சொன்னார் டானி ஃபூரி.
துப்பாக்கி விற்கிறவருக்கும்
ஒரு பூ வேண்டியிருக்கிறது.

கரும்புக்கு அப்பால், கைவிட்ட கல்குவாரியில்
முதல் பெட்டியைப் பிரித்தேன்.
ஆறாவது தோட்டா சரிவில் வாயை முட்டிக்கொண்டு
ஏறாமல் நின்றது.
தட்டினேன், ஸ்லைடை இழுத்தேன், உதறினேன்.
மூன்று விநாடி.
என் கல்லாவுக்கும் கடை வாசலுக்கும் நடுவே
நாலே எட்டு.

"உருண்டை மூக்கே போடுங்கள், மிஸ் படையாச்சி.
எந்தத் தொண்டையும் அதை மறுக்காது."
மறுக்காதுதான்.
சதையும் மறுக்காது, சுவரும் மறுக்காது.
இருமல் மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒற்றைச் செங்கல்,
அந்தப் பக்கம் பெக்கானியின் சலூன்.
சனிக்கிழமைகளில் அங்கே
பள்ளிக்கூடப் பிள்ளைகள் கழுத்தைக் குனிந்து
உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்றாவது வகைக்கு வாய் உண்டு,
வாயை அடைத்துச் சிவப்பு பிளாஸ்டிக் குமிழும் உண்டு.
கசப்பு மாத்திரைக்குச் சர்க்கரை பூசுவோமே, அதுபோல.
பெட்டிக்கு இருபது.
விலையைப் பார்த்துவிட்டு
கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தேன்.
இருநூறு தடங்காமல் போனால் நம்பலாம் என்பது
ஃபூரியின் கணக்கு.
மாத்திரைத் தட்டில் தள்ளுகிற மாதிரி
ஐந்து ஐந்தாக எண்ணி மேகசினில் ஏற்றினேன்.
ஒரு மேகசினின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது.
மாற்றினோம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.

டிசம்பரில் வந்தவன் கோடீன் சிரப்புக்காக வந்தான்.
கொடுத்தேன். கல்லாவையும் திறந்து கொடுத்தேன்.
போகிறவன் திரும்பினான்,
ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை,
என் நெற்றிக்கு நேராக விசையை இழுத்தான்.

டிக்.

ஊசி தீர்ந்த ஸ்டேப்ளரின் சத்தம்.
அவனும் திகைத்தான், நானும்தான்.
ஸ்லைடை இழுத்தான்; தோட்டா கவுண்டருக்கடியில் உருண்டது;
அவனிடம் இருந்தது அது ஒன்றுதான்.
ஓடிவிட்டான்.

பைக்குள் போட்டு முத்திரையிடும் முன்
அந்தப் பெண் கான்ஸ்டபிள் என்னிடம் காட்டினாள்.
பித்தளையின் பின்புறத்தில் சின்னக் குழி,
அம்மைத் தழும்பு போல.
தட்டியிருக்கிறது; மருந்து விழிக்கவில்லை.
ஆமாம், அதற்கும் நம் மொழியில் மருந்து என்றுதான் பேர்.
யாரோ எங்கோ ஈரத்தில் போட்டுவைத்தது,
ஒருவரும் இருநூறு முறை சோதிக்காதது.
மாதக் கடைசியில் தேதி பார்த்துப் பார்த்துக்
கெட்டுப்போன மருந்தைக் குப்பையில் கொட்டுகிறவள்
கெட்டுப்போன மருந்தால் உயிரோடிருக்கிறேன்.

நூற்று எழுபது. நூற்றுத் தொண்ணூறு.
சூடான கூடு ஒன்று ரவிக்கைக்குள் விழுந்து சுட்டது.
ஃபூரி மரியாதையாகக் கரும்பைப் பார்த்தார்.
இருநூறு.
ஒன்றுகூடத் தடங்கவில்லை.
கை நடுங்குவதைப் பார்த்துக்
களைப்பு என்று நினைத்துக்கொண்டார்.
ஒன்றாவது தவறாதா என்று
கடைசிப் பத்தில் நான் கேட்டுக்கொண்டிருந்ததை
யாரிடம் சொல்வது?

பதினோராவது பெட்டியைக் கடையில்தான் பிரித்தேன்.
பதின்மூன்று உள்ளே போனது, ஏழு மிச்சம்.
அப்போது பெக்கானி சுவரைத் தட்டினான்,
தலைவலி மாத்திரை வேண்டும் என்று.
அலமாரியில் இரண்டு பாட்டில்
ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.