நான்கு நடை

நகராட்சிக் கூட்டத்தில் குறிப்பெடுப்பது என் வேலை.
யார் என்ன சொன்னார்கள் என்பது போதும்,
எப்படிச் சொன்னார்கள் என்பது வேண்டாம்
என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
அதனால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

பொருள் எண் ஏழு:
ஒரு நாளைக்குத் தீவுக்குள் எத்தனை பேரை விடலாம்.
ஏதென்ஸிலிருந்து வந்த ஆலோசகர்
திரையில் அம்புகளை ஏற்றினார்.
எல்லாம் மேல்நோக்கியே பாய்ந்தன.
'நீடித்த வளர்ச்சி' என்றார் பதினான்கு முறை.
பதினைந்தாவதில் மின்சாரம் போயிற்று.
ஆகஸ்டில் அப்படித்தான்,
எல்லா விடுதி அறையிலும் குளிர்சாதனம் ஓடும் மாலையில்.

ஜன்னலைத் திறந்தார்கள்.
மெல்தெமிக் காற்று வந்தது,
கூடவே அந்த வாடையும்.
யாரும் மூக்கைத் தொடவில்லை.
தொட்டால் தீர்மானத்தில் ஏறிவிடும்.

உறுப்பினர் எவாந்தியா எழுந்தாள், விடுதிக்காரி:
"தலைக்கு இருபது யூரோ வைத்தால்
கப்பல் பக்கத்துத் தீவுக்குத் திரும்பும்.
அங்கே கம்பளம் விரித்துக் காத்திருக்கிறார்கள்.
கடல் தெளிந்திருக்கிறது என்று
வங்கி எனக்கு வட்டியைக் குறைக்குமா?"
ஒரு சொல்லும் பொய்யில்லை.

மேயர் பொலிக்ரோனிஸ் மூவாயிரம் என்றார்.
யாரோ ஐயாயிரம்.
மீன் ஏலம்போல எண்கள் ஏறி இறங்கின.
போதும் என்ற சொல்லை
எந்தப் பிரிவில், எந்த உட்பிரிவில் வைப்பது?

அப்போது வந்தான் ஸ்டமாதிஸ்,
கழிவுநீர் லாரி ஓட்டுகிறவன்.
கூட்டத்துக்கு அல்ல,
டீசல் ரசீதில் ஒரு கையெழுத்துக்கு.
வழக்கம்போலக் கதவோரம் நின்றான்.

"ஏன் இத்தனை டீசல்?" இருட்டில் கணக்காளர்.
"குளிர்காலத்தில் ஒரு நடை.
ஜூனில் நான்கு.
இப்போது பதினொன்று."
"சுத்திகரிப்பு நிலையம் எத்தனை தாங்கும்?"
"நான்கு."

மீதி ஏழு எங்கே போகிறது என்று
ஒருவரும் கேட்கவில்லை.
ஜன்னல் பக்கம் பார்த்தார்கள்,
வடக்கு முனைப் பாறைக்குப் பின்னால்
கடல் இருக்கும் திசையை.
எவாந்தியாவின் மகன் அங்கேதான்
வருகிறவர்களுக்கு முக்குளிக்கக் கற்றுக்கொடுக்கிறான்.

குறிப்பேட்டில் நான் எழுதியது:
ஓட்டுநர் விவரம் தந்தார்.

ஆலோசகர் அவனுடைய எண்ணெய்க்கறை ஏட்டை வாங்கி
துறைமுக ஏட்டின் பக்கத்தில் விரித்தார்.
கைபேசி வெளிச்சத்தில்,
நான்கு நடை ஓடிய நாட்களில்
தீவில் இருந்தவர்களைக் கூட்டி வகுத்தார்.
ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு.
கரடுமுரடான எண்.
அதனாலேயே யாராலும் பேரம் பேச முடியவில்லை.

வாக்கெடுப்பு.
ஆதரவாக நான்கு, எதிராக நான்கு.
எவாந்தியா கையைத் தூக்கினாள், பாதி உயரம்.
மேயர் அதை முழுக் கையாக எண்ணிக்கொண்டார்.

அடுத்த கோடையில்
வெள்ளைக் கப்பல் நிற்காமல் போயிற்று,
ஒருமுறை ஒலியெழுப்பி.
துறைமுகத் தெருவில் இரண்டு செருப்புக்கடைகள் மூடின.
ஒன்று என் மைத்துனனுடையது.
ஈஸ்டருக்கு அவன் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.
கட்டணப் பணத்தில் இரண்டாவது தொட்டி
இடுப்பளவு எழுந்து, கம்பி நீட்டி நிற்கிறது.
வருகிறவர்கள் நான்கு இரவு தங்குகிறார்கள்.
செப்டம்பரிலும் எவாந்தியாவின் விடுதியில் இடமில்லை.
வங்கி வட்டியைக் குறைக்கவில்லை.

எனக்கோ தூக்கத்தில் ஒரு புதுப் பழக்கம்.
மேட்டில் லாரி இரண்டாவது கியரில் முனகும்போது எண்ணுவேன்.
ஒன்று. இரண்டு.
மூன்று, மாதா கோயில் வளைவில்.
நான்கு.
அத்தோடு தூங்கிவிடுவேன்.

நேற்று ஐந்தாவது கேட்டது.
நடையின் எண்ணிக்கையைச் சட்டத்தில் எழுதியது என் கை.
கோபத்தோடு எழுந்தேன், விளக்கைப் போட்டேன்.
லாரி என் வீட்டுக்குக் கீழேதான் நின்றது.

மாடி அறையில் மூன்று வாரமாக
நான்கு ஸ்வீடன்காரர்கள்,
எந்த ஏட்டிலும் ஏறாதவர்கள்,
ரொக்கமாகக் கொடுக்கிறவர்கள்.
என் குழிதான் பொங்கியிருந்தது.

குழாயை மாட்டியபடி
ஸ்டமாதிஸ் நிமிர்ந்து பார்த்தான்.
காதில் செருகிய பென்சிலை எடுத்தான்.
"இதையும் எழுதிக்கொள்ளட்டுமா?"