மூன்றாம் சிலிண்டரில் மழை

விளக்கு போனதும் முதலில் குரல் கொடுத்தவை
மாடுகள்.
மேல்தளத்து லாரியில் பதினொன்று.
அப்புறம்தான் மனிதர்கள்.

கொர்கொவாதோ வளைகுடா, ஆகஸ்ட், இரவு இரண்டு பத்து.
முதல் ஜெனரேட்டர் டீசலோடு தண்ணீர் குடித்துச் செத்திருந்தது.
நங்கூரம் பிடித்துக்கொண்டது, அந்தமட்டில் புண்ணியம்.
இரண்டாவது இருக்கிறது.
மூன்று நாளாக ஓடாதது.

டெலிபோனில் கேப்டன் ஒயார்சோ:
“பொத்தானை அழுத்து யாஸ்னா, பொத்தானை!”
பொத்தான் என் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தூரம்.
பச்சை நிறம். கைக்குழந்தைகூட அழுத்தலாம்.
அதனால்தான் அதை நான் நம்புவதில்லை.

தலைவிளக்கின் வட்டத்துக்குள்
ஒவ்வொன்றாக வந்துபோகிறது என் உலகம்.
டிப்ஸ்டிக்கைத் துடைத்து, நுழைத்து, உருவினேன்.
ஆயில் கருப்பு. நல்லது.
பாலாக வெளுத்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.
கடல்நீர் வால்வு திறந்திருப்பதாகப் பலகை சொல்கிறது.
பலகை எழுதியவன் போன மாதமே கரையிறங்கிவிட்டான்,
கைப்பிடியைப் பிடித்துத் திருகிப் பார்த்தேன்.
டீசல் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து
டீசல் மட்டும் வரும்வரை வடித்தேன்.

நௌத்தோ இரும்புக் கம்பியைச் சக்கரத்தில் செருகினான்.
ஆறு சிலிண்டரின் சோதனைக் குழாய்களையும் திறந்துவிட்டு
“மெதுவா” என்றேன்.
ஒன்று மூச்சுவிட்டது.
ஐந்து மூச்சுவிட்டது.
மூன்று
துப்பியது.

என் சட்டைக் கையில், கண்ணாடியில்,
நௌத்தோவின் மீசையில் தண்ணீர்.

தண்ணீர் நசுங்காது. அவ்வளவுதான் விஷயம்.
பிஸ்டன் மேலே வரும், தண்ணீர் இடம் தராது,
ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும்.
விட்டுக்கொடுப்பது கனெக்டிங் ராடு.
அது முறிந்து சுவரைக் கிழித்து வந்தால்
எந்த உயரத்தில் வரும் என்று
இருவரும் ஒரே சமயத்தில்
அவரவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டோம்.

எங்கிருந்து வந்த தண்ணீர்?
எதையும் நாக்கில் வைக்காதே என்று
நானேதான் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
வைத்தேன்.
உப்பில்லை, ஆகவே கடலில்லை.
பச்சை இல்லை, தித்திப்பில்லை, ஆகவே கூலண்ட் இல்லை.
கரி கரைந்த கசப்பு, அதன் பின்னால் வெறும் குளிர்.
மழை.
ஞாயிறிலிருந்து விடாமல் பெய்கிற சீலோவே தீவின் மழை.
புகைபோக்கி மூடி துருவில் சிக்கித் திறந்தே நிற்க,
பன்னிரண்டு மீட்டர் குழாயில் இறங்கி வந்து
வால்வு திறந்திருந்த அறையாகப் பார்த்து
குடியேறியிருக்கிறது.

டெலிபோன் மறுபடி.
“இன்னும் இருபது நிமிஷம்” என்றேன்.
அவர் பதில் அச்சில் ஏறாது.
மேலே ஒரு பிள்ளையின் அழுகை இரும்பு வழியாக இறங்கியது.
அழட்டும்.

சுற்றினோம். மறுபடி சுற்றினோம்.
இருமல், தூறல், ஈரமூச்சு, வெறும் மூச்சு.
கம்பியை உருவிக் கொக்கியில் மாட்டினான் நௌத்தோ.
மாட்டியதைத் தொட்டுப் பார்த்தேன்.
கோபித்துக்கொள்ளவில்லை, அவனும் தொட்டுப் பார்த்தான்.
சக்கரத்திலேயே மறந்துபோன கம்பி
ஆளைத் தேடி வரும்.

காற்றுப் புட்டியில் மூன்று முறைக்குத்தான் காற்று.
தெரிந்தே ஒன்றைச் செலவழித்தேன்.
குழாய்கள் திறந்தபடி, “தள்ளி நில்!”
ஒரே ஊதல்.
ஆறு வாயிலும் காய்ந்த சத்தம்.
எண்ணி எண்ணி ஆறையும் மூடினேன்.
பிறகு
அந்தப் பச்சை.

ஒரு முனகல், ஒரு உலுக்கல்,
தரை உள்ளங்காலில் பேசத் தொடங்கியது.
ஆயில் முள் எழுந்து நான்கில் நின்றது.
“சத்தம் கேட்குது, விளக்கு எங்கே?”
ஐந்து நிமிஷம் சும்மா ஓடவிட்டேன், சுமை ஏற்றாமல்.
அந்த இரவிலேயே நீளமானது அந்த ஐந்து.
ஐம்பது சுழற்சி ஆடாமல் நின்றதும்
பிரேக்கரைப் போட்டேன்.

விடிகாலை புகைபோக்கி ஏணியில் ஏறித் துருவைச் சுரண்டினேன்,
முதுகில் மழை.
இறங்கி வந்து பதிவேட்டில் எழுதினேன்:
2.10 விளக்கு போனது. 2.51 வந்தது.
மூன்றாம் சிலிண்டரில் மழைநீர், சுமார் ஒரு காபிக் கோப்பை.

ருசி பார்த்ததை எழுதவில்லை.