இலக்கும் இலக்கமும்

கீழே ஃபோட்டோகொப்பிக் கடை.
மேலே நான், மடிக்கணினி,
கண்ணாடிவரை வந்து நின்றுவிட்ட கொட்டகலைப் பனி.

கம்பைலரைக் கட்டத் தொடங்கினால் முதலில் மூன்று கேள்வி:
அதை எங்கே கட்டுகிறாய்,
அது எங்கே உட்கார்ந்து எழுதும்,
எழுதியது எங்கே ஓடும்.
முதல் இரண்டுக்கும் இந்த மேசைதான் விடை.
மூன்றாவதற்கு ஒரு முகவரி போட வேண்டும்,
சொல்லுக்குச் சொல் சிறு கோடிட்டு:
ஆர்ம், லினக்ஸ், க்னு, ஈஏபிஐ.
சிப்பின் சாதி, அது குடியிருக்கும் சிஸ்டம்,
இரண்டும் பேசிக்கொள்ளும் மரியாதை.
ஒரு துண்டு பிசகினால் சரக்கு வேறு வாசலில் இறங்கும்.

இது எனக்குப் பழக்கம்தான்.
என் வங்கிக் கடிதம் இன்னமும்
கிளென்மோரி தோட்டம், மேற்பிரிவு, கந்தோர் மூலம் என்றுதான் வருகிறது.
எங்கள் லயத்துக்கு இலக்கம் கிடையாது.
ஒருமுறை என் நியமனக் கடிதம்
பதினொரு நாள் கிளாக்கர் மேசையில்
தேநீர்க் கோப்பைக்கு அடியில் இருந்தது.
வட்டக் கறையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது அதே தோட்டத்துக்குத்தான் வேலை.
ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை,
தராசுக்கு ஒரு சின்னப் பெட்டி,
பெட்டிக்குள் என் பெருவிரல் நகமளவு பழைய சிப்.

முதல் தடவை முகவரியின் வாலில்
எச்சும் எஃப்பும் சேர்த்துவிட்டேன்.
தசமத்தைத் தானே கணக்கிடும் சிப் என்ற நம்பிக்கை.
பெட்டியைப் பூண்டுலோயா பஸ்ஸில் மடியில் வைத்துப் போய்
மாட்டினேன்.
திரையில் ஒரே வரி: தெரியாத கட்டளை.
மழைக்கோட்டோடு நின்றிருந்த பெண்கள்
என்னைப் பார்த்தார்கள். பிறகு பழைய தராசைப் பார்த்தார்கள்.

"புள்ளி எதுக்கு?" என்றார் உதவித் துரை.
"முழு எண்ணாப் போடுங்க. லேசா முடியும்."
உண்மைதான். லேசாக முடியும்.
பதினேழே முக்கால் பதினேழாகும்,
பதினேழு தொள்ளாயிரமும் பதினேழாகும்,
பதினெட்டு எடுக்காதவளுக்கு அரைப்பேர்.
அரையைக் கணக்கிடத் தெரியாத சிப்
அரைப்பேர் மட்டும் போடும்.

வாலை வெட்டினேன்.
மென்மிதவை என்று ஒரு வழி இருக்கிறது:
தசமம் தெரியாத சிப்புக்கு
விரல்விட்டு எண்ணக் கற்றுக்கொடுப்பது போல
கூட்டலையும் நகர்த்தலையும் வைத்தே
புள்ளிக்குப் பின்னால் போகும் வழி. மெதுவாகத்தான் போகும்.
தராசுக்கு என்ன அவசரம்?

பின்நூல், தலைப்புக் கோப்பு, சீ நூலகம்,
பிறகு மறுபடி அதே கம்பைலர், இம்முறை முழுதாக.
மூன்று மணிநேரம் ஓடி
நாலாவதில் கரண்ட் போனது.
மெழுகுதிரி வெளிச்சத்தில் மக்கோனா பிஸ்கட் தின்றேன்.
விடிய நாலரைக்கு எச்சரிக்கை ஒன்றும் இல்லாமல் முடிந்தது.
என் கணினி
தன் வாயால் ஒரு சொல்லும் சொல்ல முடியாத பாஷையில்
பிழையில்லாமல் எழுதி வைத்திருந்தது.

பெட்டி விழித்தது. சிவப்பு எண்கள்.
சாக்கைத் தூக்கி வைத்தவள் பெயர் பவளராணி.
19.86
கண் சிமிட்டி, கழித்து,
17.86

"ரெண்டு எங்க போச்சு?"
"சாக்குக்கு."
"சாக்கு ரெண்டு கிலோவா?"

கோப்பில் அது என் கண்ணெதிரே இருந்த வரி.
கந்தோரிலிருந்து தாளில் வந்ததை
அப்படியே தட்டச்சு செய்தேன்.
அதற்கு எந்தக் கம்பைலரும் எச்சரிக்கை தராது.

அவள் கொழுந்தைத் தார்ப்பாயில் கொட்டினாள்.
ஈரச் சாக்கை இரண்டாக மடித்து
தராசின்மேல் வைத்தாள்.
உதவித் துரை குடையை விரிக்கத் தொடங்கினார்.
மெதுவாக, என் சிப் விரல்விட்டு எண்ணி முடிக்கும்வரை
எல்லோரும் காத்திருந்தோம்.

0.84