நூற்றுப் பதினேழு மில்லிமீட்டர்

குளியலறைக் கூரையில் கறுப்புப் பூஞ்சை
தெரியாத தேசத்தின் வரைபடம்போல
மூலைக்கு மூலை எல்லை தள்ளிக்கொண்டிருந்தது.
காற்றாடி வாங்கியாயிற்று. குழாய் வாங்கியாயிற்று.
இனிச் சுவர்தான் சம்மதிக்க வேண்டும்.
ரெக்ஸம் நகரத்துச் சிவப்புச் செங்கல்.
ஒன்பது அங்குலம்.
ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்.

வேண்டியது ஓர் ஓட்டை.
அடுத்த வருஷம் அடுப்படிக்கு இன்னொன்று.
அப்புறம் ஆடிக்கொரு தரம், அமாவாசைக்கொரு தரம்.
இதற்குப்போய் நானூறு பவுண்டா?
வாடகைக்கு எடுத்தால் நாளைக்கு நாற்பது,
நாலரைக்குள் திருப்ப வேண்டும்.
எனக்கோ மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
கடைசி விரிப்பை மடிக்கும்போதே நாலு.

ரயில் நிலையத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகையில்
கிளெனிஸ் பழைய கருவிகள் விற்கிறாள்.
மூன்றை எடுத்து வைத்தாள்.
முதலாவது, படம் மாட்டுகிறவர்களுக்கு.
இரண்டாவது பெயர்போனது. விலையை அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
மூன்றாவது ஆரஞ்சு நிறம்;
கம்பெனிப் பெயரில் இரண்டு எழுத்துத்தான் மிச்சம்.
எண்பது என்றாள்.

வாட் எவ்வளவு என்று கேட்டேன்.
நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று கேட்டேன்.
கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான்.

கிளெனிஸ் இடது கைச் சட்டையை மடித்தாள்.
மணிக்கட்டிலிருந்து மேலேறும் ஒரு வெள்ளைத் தையல்.
"கிளட்ச் இல்லாதது, மலிவு என்று வாங்கினேன்.
பல் கல்லுக்குள் சிக்கிக்கொண்டது.
சுவர் சுற்றுமா?
நான் சுற்றினேன்."
ஏணியில் நின்றபடி என்று
சில்லறை மறந்தவள்போல அப்புறம் சேர்த்தாள்.

"வாட்டை விடு. சிக்கும்போது
கையை விட்டுவிடத் தெரியுமா இதற்கு, அதைக் கேள்."
ஆரஞ்சுக்குத் தெரியுமாம்.
எழுபத்தைந்துக்கு முடித்தோம்.
வைரத்தூள் பதித்த குழல்முனை தொண்ணூற்றைந்து.
யானையைவிட அங்குசம் விலை கூடுதல்.

சனிக்கிழமை. மழை.
சம்மட்டிப் பொத்தானை அணைத்தேன்,
வைரத்துக்கு அடி பிடிக்காது, சுற்ற மட்டும் செய்யும்.
முதலில் மெல்லிய துளை,
வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்வாக, தண்ணீர் உள்ளே வராதபடி.
அப்புறம் குழல்.
சிவப்புத் தூள் புருவத்தில், காதில்,
மூடிவைத்திருந்த பல் துலக்கியில்.

பாதி ஆழத்தில் சிக்கியது.
எந்திரத்துக்குள் ஏதோ டக்டக்டக் என்று நழுவ
என் மணிக்கட்டு என்னிடமே இருந்தது.
எழுபத்தைந்து பவுண்டும் அங்கேயே வசூல்.
பின்னுக்கு இழுத்தேன், தூளை உதறினேன், மறுபடி.

வெளியே பக்கத்து வீட்டு டெகிட்,
தன் ருபார்ப் செடிமேல் செங்கல் விழாதபடி
குடையைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார்.
முதலில் ஒரு குளிர் வந்தது.
அடுத்து வெளிச்சம்.
அடுத்து அவருடைய ஒரு கண்.
அது விலகி, வாய் வந்து, கேட்டது:
"உனக்குச் சர்க்கரை எத்தனை?"

கல்லிலே நார் உரிக்க முடியாதாம்.
குழலைத் தட்டினேன்; சுவரே உருளையாக உரிந்து வந்தது.
ஒரு முனையில் என் வெள்ளை,
அதன் கீழே யாரோ விரும்பிய பச்சை,
அதற்கும் கீழே, யாரும் விரும்பியிருக்க முடியாத
ஓர் இளஞ்சிவப்பு.
ஒவ்வொன்றும் நகக்கண் அளவுகூட இல்லை.
மிச்சமெல்லாம் செங்கல்.

மறு வாரம் டெகிட் எந்திரத்தைக் கேட்டார்.
அவரிடமிருந்து அவர் தங்கை மாராரெட்.
அங்கிருந்து எதிர்வரிசையில் ஒரு போலந்துக்காரர், ஸ்வாவோமிர்,
துணி உலர்த்தும் எந்திரத்துக்காக.
இரண்டு வருஷத்தில் பதினோரு ஓட்டை.
அதில் எனக்கு ஒன்றுதான்.
அடுப்படி இன்னும் வெங்காய வாசத்தோடுதான் இருக்கிறது.

இன்றைக்கு அது யார் வீட்டிலோ.
மாடிப்படிக்கு அடியில் காலிப் பெட்டி இருக்கிறது,
ஆழம் அளக்கும் கம்பியோடு.
அதை மட்டும்
யாரும் எடுத்துப்போவதில்லை.