எங்க ஊரு எத்தனை சதவீதம்

இருபதாம் நாள்.
திருத்துறைப்பூண்டி லாட்ஜில்
மின்விசிறி என்னை விட நிதானமாகச் சுற்றுகிறது.
பதினெட்டு கிலோமீட்டர் வாய்க்கால்,
தூர்வாரத் தொண்ணூறு லட்சம், முப்பது நாள்.
இன்றைக்குப் பன்னிரண்டு முடிந்திருக்க வேண்டும்.
முடிந்தது ஒன்பது.

கிலோமீட்டருக்கு ஐந்து லட்சம் வீதம் நாற்பத்தைந்து.
இதுதான் நாங்கள் ஈட்டியது.
செலவழித்தது ஐம்பத்துநான்கு.
போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும்
எண்பத்துமூன்று பைசா வேலை.
இதே நடையில் போனால்
முடியும்போது நூற்றியெட்டு லட்சம் ஆகும் என்றேன்.
"நூத்தியெட்டா? நல்ல நம்பர்தான மேடம்,
கோயிலைச் சுத்துற கணக்கு"
என்றார் ஒப்பந்தக்காரர் வில்வநாதன்.

ஒன்பது லட்சம் எங்கே போனது?

பொக்லைன் ஓட்டும் இருசப்பனைக் கேட்டேன்.
மேச்சேரிக்காரர். பேசாமல் கூட்டிப்போய்
ஆறாவது கிலோமீட்டர் பாலத்தடியைக் காட்டினார்.
கரையில் வைக்கோற்போர் உயரத்துக்கு
காய்ந்து கிடந்தது ஆகாயத்தாமரை.
வாரிய இடத்தைக் காற்று தள்ளிவந்து
மறுபடி மூடியதாம், மூன்று ராத்திரி.
எஸ்டிமேட்டில் மண் உண்டு, கனமீட்டரில்.
பூவுக்கு வரி இல்லை.
மூன்று ராத்திரியும் டீசலாக எரிந்து
ஈட்டிய கணக்கில் பூஜ்யமாக விழுந்திருந்தது.
ஒன்பது லட்சத்தில் ஒரு மூலை அது.
மற்ற மூலைகளை
வில்வநாதன் காட்டவில்லை.

அன்று சாயங்காலம்
கடம்பவிளாகத்திலிருந்து அமிர்தவல்லி வந்தார்.
குறுவைக்கு விதை வாங்கி வைத்தாயிற்றாம்.
"மொத்தத்தில் பாதி முடிந்துவிட்டது" என்றேன்.
"எங்க ஊரு எத்தனை சதவீதம்?"
பதினெட்டாவது கிலோமீட்டர்.
எக்செல்லில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.
அதில் இருந்ததைச் சொன்னேன்.
அவர் திட்டியிருந்தால் தேவலை.

இரவே வண்டியை வாலுக்கு அனுப்பினேன்.
கீழிருந்து மேல்நோக்கி வெட்டட்டும்,
ஒருமுறையாவது கடைமடை முதலில் முடியட்டும்.
உத்தரவில் கையெழுத்து என்னுடையது.

முப்பதாம் நாள்
இருசப்பனின் போனில் அவர் மனைவி,
பின்னால் இரைச்சல்:
"தொறந்துட்டாங்க, கேக்குதா?"
என் அட்டவணையைப் பற்றி
மேட்டூருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.
முக்கொம்பு, கல்லணை, வெண்ணாறு என்று
ஒரு நாளும் லீவு போடாமல் வந்தது தண்ணீர்.

முப்பத்தெட்டாம் நாள்
பதினேழு புள்ளி ஒன்று.
தொண்ணூற்றைந்து சதவீதம்.
மீதி தொள்ளாயிரம் மீட்டர்
தலையிலும் இல்லை வாலிலும் இல்லை,
நடுவில்.
மேலே சுத்தம், கீழே சுத்தம்,
இடையில் ஆளுயரக் கோரை.
அதுவரை ஓடிவந்தது
அங்கே வந்து நின்று யோசித்தது.
கடம்பவிளாகம் போய்ச் சேர
இன்னும் நான்கு நாள்.
போனது கணுக்கால் அளவு.

"பதினெட்டுன்னே எழுதிருங்க மேடம்.
தண்ணிக்கடியில எவன் லெவல் எடுப்பான்?"
வாஸ்தவம். யாரும் எடுக்க மாட்டார்கள்.
ஆனால் கோரை தலை நீட்டிக்கொண்டிருந்தது,
தொள்ளாயிரம் மீட்டருக்கும்.
பதினேழு புள்ளி ஒன்று என்றே எழுதினேன்.
அமிர்தவல்லியிடம் போகவில்லை.
போய் எந்தச் சதவீதத்தைச் சொல்வது?

வண்டியை டிரெய்லரில் ஏற்றிச்
சங்கிலி மாட்டிக்கொண்டே இருசப்பன் கேட்டார்,
"அந்த மூணு ராத்திரி எந்த வரியில இருக்கு?"

பாலத்துச் சுவரில் மடிக்கணினியை வைத்து
ஒரு வரி நுழைத்தேன்.
ஆகாயத்தாமரை, ஆறாவது கி.மீ.
திட்டம் பூஜ்யம். ஈட்டியது பூஜ்யம்.
செலவு எழுபத்தெட்டாயிரம்.

எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"ஈட்டியதுன்னா என்னங்க?"

டிரெய்லர்காரன் ஹாரன் அடித்தான்.
பாலத்தடியில் தண்ணீர்
எதிலும் முட்டாமல் போய்க்கொண்டிருந்தது.